பழைய கப்பலை எங்கே நிறுத்துவது?

வாசகர் கேள்வி – பதில்: மேசைப் போர் விளையாட்டுகள்

கேள்வி: விண்கப்பல் மாதிரிகளைக் கொண்டு ஆடும் 'ஸ்டார் வார்ஸ்: அர்மாடா' விளையாட்டின் அடிப்படைப் பெட்டியை ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கினேன். அதில் பேரரசுத் தரப்புக்கு இருக்கும் ஒரே கப்பல் விக்டரி ரக ஸ்டார் டெஸ்ட்ராயர். கதையிலேயே அது காலாவதியான கப்பல் என்று சொல்லும் என் நண்பர்கள், இம்பீரியல் ரகக் கப்பல் ஒன்றை வாங்கிக்கொண்டு இதை அலமாரியில் வைத்துவிடச் சொல்கிறார்கள். அது அவ்வளவு பயனற்றதா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: அலமாரியில் வைக்க வேண்டாம். உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதி எது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கப்பலை ஆடத் தெரியும்.

ஸ்டார் வார்ஸ் கதை உலகில் விக்டரி ரகம், பேரரசு உருவாவதற்கு முன் நடந்த குளோன் போர்களின் இறுதிக்கட்டத்தில் வந்தது. நீளம் 900 மீட்டர். அதன்பின் 1,600 மீட்டர் நீளமுள்ள இம்பீரியல் ரகம் வந்ததும், பழைய கப்பல்கள் முன்னணிப் படையிலிருந்து விலக்கப்பட்டுக் கோள்களுக்குக் காவல் நிற்கும் வேலைக்கு அனுப்பப்பட்டன. 2015இல் ஃபேன்டசி ஃப்ளைட் கேம்ஸ் நிறுவனம் இந்த விளையாட்டை வெளியிட்டபோது, கதையில் சொல்லப்பட்ட அந்த முதுமையை ஒரே ஓர் இடத்தில் அழுத்தமாகப் பதிவு செய்தது. அதுதான் வேகம். இம்பீரியல் ரகத்தின் உச்ச வேகம் 3, விக்டரியின் உச்ச வேகம் 2. அது திரும்புவதும் மெதுவாகத்தான். எதிர்த்தரப்பின் சிறு கப்பலான சிஆர்90 கார்வெட் வேகம் 4இல் பாய்ந்து உங்கள் முதுகுப் பக்கம் போய்விடும். அங்கே விக்டரிக்கு இருப்பது ஒரே ஒரு ஷீல்டு (தாக்குதலைத் தாங்கும் கவசம்).

ஆனால் மற்ற எண்களைப் புள்ளிக் கணக்கோடு (படை அமைக்கும்போது கப்பலுக்குக் கொடுக்கும் விலை) சேர்த்துப் பாருங்கள். விக்டரி ஒன்றாம் வகையின் விலை 73 புள்ளி, இம்பீரியல் ஒன்றாம் வகையின் விலை 110. அதாவது மூன்று விக்டரிகள் 219 புள்ளி, இரண்டு இம்பீரியல்கள் 220 புள்ளி. விக்டரியின் உடல் வலு 8, நான்கு பக்க ஷீல்டுகளையும் கூட்டினால் 10, ஆக மொத்தம் 18. இம்பீரியலுக்கு உடல் வலு 11, ஷீல்டு 12, ஆக 23. ஏறத்தாழ ஒரே விலையில் ஒரு பக்கம் 54, மறுபக்கம் 46. நெருங்கிய தூரத்தில் முன்பக்கத் தாக்குதலுக்கு உருட்டும் பகடைகளின் சராசரியைக் கணக்கிட்டால், விக்டரி ஒன்றுக்கு 5.25 சேதம், இம்பீரியல் ஒன்றுக்கு 6.75 சேதம். மூன்று விக்டரிகளுக்கு 15.75, இரண்டு இம்பீரியல்களுக்கு 13.5. கொடுத்த புள்ளிக்குக் கிடைக்கும் அடியிலும் தாங்கும் வலுவிலும் பழைய கப்பல் முந்தி நிற்கிறது.

அப்படியானால் ஏன் அது தோற்கிறது? அந்தப் பகடைகளை உருட்டும் வாய்ப்பே அதற்குப் பல ஆட்டங்களில் வருவதில்லை. ஓர் ஆட்டத்துக்கு ஆறு சுற்றுகள்தான். அவற்றுள் முதலாவது பெரும்பாலும் நெருங்குவதிலேயே போய்விடும். வேகமான எதிரி உங்கள் முன்பக்கக் கோணத்தை ஒருமுறை கடந்துவிட்டால், நீங்கள் திரும்பி அவரை மீண்டும் குறிபார்ப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். எனவே, ஒரு பழைய கப்பலை மதிப்பிடும்போது அது எவ்வளவு பலமாக அடிக்கும் என்பதற்கு முன்னால், எத்தனை சுற்றுகளில் அதன் முன்பக்கத்துக்கு எதிரே ஓர் இலக்கு இருக்கும் என்று கேளுங்கள். ஆறில் ஒரு சுற்றுதான் என்றால் உங்கள் நண்பர்கள் சொல்வது சரி. மூன்று சுற்றுகள் என்றால் அந்த 73 புள்ளியைவிட நல்ல செலவு பேரரசுத் தரப்பில் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: விக்டரியில் இரண்டு வகைகள் உள்ளன. முதல் வகைக்கு முன்பக்கம் மூன்று சிவப்புப் பகடையும் மூன்று கறுப்புப் பகடையும், விலை 73. இரண்டாம் வகைக்கு மூன்று சிவப்பும் மூன்று நீலமும், விலை 85. கறுப்புப் பகடை அதிகச் சேதம் தருகிறது, விலையும் குறைவு. பிறகு எதற்காக 12 புள்ளி கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: சராசரியை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வதுதான் சரி. எட்டுப் பக்கப் பகடைகளில் சிவப்பும் நீலமும் உருட்டலுக்குச் சராசரியாக 0.75 சேதமும், கறுப்பு 1 சேதமும் தரும். ஆக, நெருங்கிய தூரத்தில் முதல் வகைக்கு 5.25, இரண்டாம் வகைக்கு 4.5. ஆனால் எதிரியின் கையில் பாதுகாப்பு வில்லைகள் (டோக்கன்கள்) இருக்கின்றன. அவற்றுள் 'பிரேஸ்' என்னும் வில்லை, வந்து விழும் சேதத்தைப் பாதியாக்கிவிடும். பின்னம் வந்தால் மேல்நோக்கி முழுமையாக்கப்படும். அதாவது ஐந்து மூன்றாகிவிடும். அந்த வில்லையைப் பயன்படுத்த விடாமல் பூட்டுவதற்கு ஒரே பொதுவான வழி, பகடையில் 'அக்யூரசி' முகம் விழுவது. நீலப் பகடையில் அந்த முகம் இரண்டு, சிவப்பில் ஒன்று, கறுப்பில் ஒன்றுகூட இல்லை.

இதைக் கணக்கில் சேர்த்தால் படம் மாறுகிறது. மூன்று சிவப்பும் மூன்று நீலமும் உருட்டும்போது குறைந்தது ஓர் அக்யூரசி விழுவதற்கான வாய்ப்பு 100க்கு 72. மூன்று சிவப்பும் மூன்று கறுப்பும் என்றால் 100க்கு 33 மட்டுமே. பிரேஸ் வில்லை கையில் உள்ள ஓர் எதிரியைத் தாக்குவதாக வைத்துக்கொண்டு நான் கணக்கிட்டதில், இரண்டாம் வகையின் அடி சராசரியாக 3.8 சேதத்தை ஒட்டியும், முதல் வகையின் அடி 3.5 சேதத்தை ஒட்டியும் வருகின்றன. காகிதத்தில் பின்தங்கியிருந்த கப்பல் எதிரியின் கப்பல்மீது முந்திவிடுகிறது.

இதைவிட முக்கியமானது எட்டும் தூரம். கறுப்புப் பகடை நெருங்கிய தூரத்துக்கு மட்டுமே உரியது. நீலம் நடுத்தூரம் வரை எட்டும். நடுத்தூரத்தில் முதல் வகை தன் மூன்று சிவப்புகளை மட்டும் உருட்டிச் சராசரியாக 2.25 சேதம் செய்துகொண்டிருக்கும்போது, இரண்டாம் வகை முழுப் பலத்தோடு 4.5 சேதம் செய்கிறது. வேகமான கப்பலுக்கு இது பெரிய குறையாகாது, அது தானே நெருங்கிவிடும். மெதுவான கப்பலுக்கு நெருங்குவது எதிரியின் விருப்பத்தைப் பொறுத்தது. எதிரியோ விரும்ப மாட்டார். எனவே போரிடும் கப்பலாக விக்டரியை ஆடுவதென்றால் 12 புள்ளி கூடுதலாகக் கொடுத்து இரண்டாம் வகையையே எடுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

முதல் வகைக்கு வேறு வேலை இருக்கிறது. அதைப் போர்விமானங்களின் தாய்க்கப்பலாக வையுங்கள். விக்டரியின் விமானக் கட்டளை மதிப்பு 3. 'எக்ஸ்பாண்டட் ஹேங்கர் பே' அட்டையை 5 புள்ளிக்குச் சேர்த்தால் அது 4 ஆகும். 78 புள்ளியில் நான்கு விமானக் குழுக்களை ஒரே கட்டளையில் பறக்கவும் தாக்கவும் வைக்கலாம். கப்பல் நகராவிட்டாலும் அதன் கைகள் நீளும். பேரரசின் போர்விமானமான டை ஃபைட்டர் குழுவின் வேகம் 4 என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் விக்டரி எப்போதும் தவறான கட்டளையோடு தவறான இடத்தில் நிற்கிறது. கட்டளை மதிப்பு 3 என்பதால் மூன்று சுற்றுகளுக்கான டயல்களை (கட்டளையைக் குறிக்கும் வட்டுகள்) முன்கூட்டியே அடுக்க வேண்டியிருக்கிறது. எதிரியின் கார்வெட்டோ அந்தந்தச் சுற்றிலேயே முடிவெடுக்கிறது. இதற்கு என்ன வழி? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: இந்தக் கப்பலின் உண்மையான முதுமையைத் தொட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், வேகக் குறைவைவிட இதுதான் பெரிய சிக்கல்.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். நான்காம் சுற்றின் தொடக்கம். என் விக்டரி இரண்டாம் வகை மேசையின் நடுவில், ஒரு விண்கல் அட்டைக்கு விரற்கடை தூரத்தில் நிற்கிறது. எதிரியின் நெபுலான்-பி போர்க்கப்பல் முந்தைய சுற்றின் கடைசியில் என் முன்பக்கக் கோணத்தைக் கடந்து, என் வலப்பக்கப் பின்மூலைக்கு வந்துவிட்டது. அடுக்கின் மேலிருந்த டயலைத் திருப்பினேன். 'தாக்குதலைக் குவி' என்று இருந்தது. இரண்டாம் சுற்றில், எதிரி நேராக என் முகத்துக்கு வருவார் என்று நம்பி நானே வைத்தது. முன்பக்கத்தில் ஒரு கப்பலும் இல்லை. எனக்கு அப்போது தேவைப்பட்டது திசைதிருப்பும் கட்டளை. அது அடுக்கில் கீழே கிடந்தது. பின்பக்கத்தின் இரண்டு சிவப்புப் பகடைகளோடு ஒரு சிவப்பைக் கூட்டி உருட்டினேன். பிறகு கப்பலை நகர்த்தினேன். அது திரும்ப முடியாமல் நேரே போய் அந்த விண்கல்லின்மீது ஏறியது. ஒரு சேத அட்டையைத் திறந்த முகமாக வாங்கினேன். அன்று என்னைத் தோற்கடித்தது இரண்டாம் சுற்றில் நான் எடுத்த முடிவுதான்.

இந்த விளையாட்டில் ஒரு கப்பல் முதலில் சுடும், அதன்பின்தான் நகரும். ஆகையால் இந்தச் சுற்றில் நீங்கள் எங்கே போய் நிற்கிறீர்களோ, அங்கிருந்துதான் அடுத்த சுற்றில் சுடுவீர்கள். இதனோடு இரண்டு சுற்று முந்திய கட்டளையும் சேர்ந்தால், விக்டரியை எதிரியின் அசைவுக்கு மறுமொழியாக ஆடவே முடியாது என்பது விளங்கும். எதிரி எங்கே வந்தே தீர வேண்டுமோ அந்த இடத்தை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே தேர்ந்து, அதை நோக்கி உங்கள் முகம் இருக்கும்படி ஆட வேண்டும். கட்டளைகளையும் அதற்கேற்ப அடுக்குங்கள். முதல் இரண்டு சுற்றுகளுக்குத் திசையும் வேகமும், மூன்றாம் நான்காம் சுற்றுகளுக்குத் தாக்குதல், கடைசி இரண்டுக்குப் பழுதுபார்ப்பு என்பது நான் வழக்கமாகத் தொடங்கும் அடுக்கு. முன்னே சொன்ன தோல்விக்குப் பிறகு, மூன்றாம் சுற்றிலும் ஒரு திசைக் கட்டளையை வைக்கப் பழகினேன்.

கட்டளை மதிப்பு 3 என்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது. பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. ஒரு கப்பல் தன் கட்டளை மதிப்பின் அளவுக்குக் கட்டளை வில்லைகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். விக்டரியால் மூன்று வெவ்வேறு வில்லைகளை வைத்திருக்க முடியும். தேவையற்றுப்போன டயலை அந்தச் சுற்றில் வில்லையாக மாற்றிவிடுங்கள். பழுதுபார்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: டயலால் 4 பொறியியல் புள்ளிகள், வில்லையால் இன்னும் 2, ஆக 6. உடலில் ஒரு சேதத்தை நீக்க 3 புள்ளி போதும் என்பதால், ஒரே சுற்றில் இரண்டு சேத அட்டைகளைக் கழிக்கலாம், அல்லது மூன்று ஷீல்டுகளை மீட்கலாம். கார்வெட்டால் இதை நினைத்தும் பார்க்க முடியாது. தளபதியாக கிராண்ட் மாஃப் டார்கினைச் சேர்த்தால், ஒவ்வொரு சுற்றிலும் நீங்கள் சொல்லும் ஒரு கட்டளையின் வில்லை உங்கள் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் கிடைக்கும். இரண்டு சுற்று முந்திய முடிவுக்கு அந்தந்தச் சுற்றிலேயே ஒரு சிறிய திருத்தம் கிடைத்துவிடுகிறது. விக்டரிகளை ஆடுபவர்களுக்கு அவரைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஓரிடத்தில் நிலைகொள்ளச் சொல்கிறேனே என்று வேகத்தை 0க்குக் குறைத்துவிடாதீர்கள். வேகம் 0இல் உள்ள கப்பல் தன் பாதுகாப்பு வில்லைகள் எதையும் பயன்படுத்த முடியாது. விக்டரியின் பிரேஸ் வில்லையும் சேதத்தைப் பக்கத்து ஷீல்டுக்குத் திருப்பும் இரண்டு ரீடைரக்ட் வில்லைகளும்தான் அதன் உயிர். வேகம் 1இல் ஊர்ந்துகொண்டே இருங்கள்.

கேள்வி: மெதுவான பழைய கப்பல்களை ஓரிடத்தில் நிறுத்தி வெல்வது உண்மையான கடற்போரில் நடந்திருக்கிறதா, அல்லது இது விளையாட்டின் விதிகளுக்குள் மட்டும் செல்லும் உத்தியா? (ஒரு வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: நடந்திருக்கிறது. நீங்கள் இதைக் கேட்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி, ஏனெனில் விக்டரியை ஆட நான் கற்றுக்கொண்டதே அந்தப் போரைப் படித்த பிறகுதான்.

1944 அக்டோபர் 25ஆம் நாள் அதிகாலை, பிலிப்பைன்ஸின் சூரிகாவோ நீரிணை. அதன் வடக்கு வாயிலில் அமெரிக்கத் தளபதி ஜெஸ்ஸி ஓல்டன்டார்ஃப் ஆறு பழைய போர்க்கப்பல்களைக் குறுக்காக நிறுத்தியிருந்தார். அவற்றின் வேகம் ஏறத்தாழ 21 நாட் (மணிக்கு 21 கடல் மைல்). அன்றைய புதிய போர்க்கப்பல்கள் 27 நாட்டுக்கு மேல் ஓடின. விரைந்து செல்லும் விமானந்தாங்கிகளோடு சேர்ந்து ஓட முடியாததால், அந்தப் பழைய கப்பல்கள் அதுவரை பெரும்பாலும் கரையைக் குண்டுவீசித் தாக்கும் வேலையில்தான் இருந்தன. ஆறில் ஐந்து, 1941இல் பேர்ல் ஹார்பரில் தாக்கப்பட்டவை. ஜப்பானியத் தளபதி நிஷிமுராவின் படை அந்தக் குறுகிய நீரிணை வழியாகத்தான் வந்தாக வேண்டும். வழியிலேயே டார்பிடோக்கள் அவருடைய படையைச் சிதைத்துவிட, எஞ்சி வந்த யமாஷிரோ என்னும் போர்க்கப்பலைக் குறுக்கே நின்ற பீரங்கிகள் எதிர்கொண்டன. அந்த இடத்தில் அந்தப் பழைய கப்பல்களுக்கு வேகம் தேவைப்படவே இல்லை.

இதில் விளையாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி இருக்கிறது. வெஸ்ட் வர்ஜீனியா, டென்னஸி, கலிஃபோர்னியா ஆகிய மூன்றுக்கும் புதிய மார்க் 8 சுடுகட்டுப்பாட்டு ராடார் பொருத்தப்பட்டிருந்தது. அந்த இரவில் போர்க்கப்பல்களின் சுடுதலில் பெரும்பகுதியைச் செய்தவை அவைதான். பழைய ராடாரோடு இருந்த பென்சில்வேனியாவால் இலக்கைப் பிடிக்க முடியாமல் ஒரு குண்டுகூடச் சுட முடியவில்லை. அர்மாடாவில் மேம்பாட்டு அட்டைகள் செய்வது இதே வேலையைத்தான். என் விக்டரி இரண்டாம் வகையில் 'கன்னரி டீம்' அட்டை தவறாமல் இருக்கும். முன்பக்கத்திலிருந்தே இரண்டு வெவ்வேறு கப்பல்களைச் சுட அது இடம்கொடுக்கிறது. வாயிலில் நிற்கும் கப்பலுக்கு அதைவிடப் பொருத்தமான துணை வேறில்லை.

எதிர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 1916 மே 31ஆம் நாள் ஜட்லாண்ட் போருக்கு ஜெர்மன் தளபதி ஷேயர் ஆறு பழைய போர்க்கப்பல்களைத் தம் முதன்மைப் படையோடு அழைத்துச் சென்றார். அவற்றின் வேகத்துக்கு இசைந்தே முழுப் படையும் போக வேண்டியிருந்தது. அடுத்த நாள் அதிகாலை அவற்றுள் ஒன்றான பொம்மெர்ன், டார்பிடோ தாக்கி, கப்பலில் இருந்த அனைவரோடும் மூழ்கியது. பழைய கப்பலை வேகமான படையோடு ஓட வைத்தால் இரண்டுக்கும் கேடு. விக்டரியையும் இம்பீரியலையும் அருகருகே ஓட்ட முயல்பவர்களை மேசையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஜட்லாண்ட் நினைவுக்கு வரும்.

விண்வெளியில் நீரிணை எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அதை உருவாக்குவது ஆட்டத்தின் இலக்கைச் சொல்லும் குறிக்கோள் அட்டை. குறைந்த புள்ளியில் படை அமைத்தவர்தான் யார் முதலில் ஆடுவது என்று முடிவு செய்வார். நீங்கள் முழு 400 புள்ளியையும் செலவழித்தால், எதிரி பெரும்பாலும் தாமே முதலில் ஆட விரும்புவார். அப்போது ஆட்டம் உங்கள் மூன்று குறிக்கோள் அட்டைகளுள் ஒன்றின்படியே நடக்கும். 'கன்டெஸ்டட் அவுட்போஸ்ட்' அட்டையை அந்த மூன்றில் ஒன்றாக வையுங்கள். விண்நிலையம் ஒன்றின் அருகில் யாருடைய கப்பல்களின் கட்டளை மதிப்பு கூடுதலோ அவருக்கு அந்தச் சுற்றில் வெற்றி வில்லை கிடைக்கும். விக்டரியின் கட்டளை மதிப்பு 3, கார்வெட்டின் மதிப்பு 1. உங்களை இவ்வளவு வருத்திய அதே எண், இங்கே உங்களுக்காகப் புள்ளி சேர்க்கிறது. எதிரியோ உங்கள் முன்பக்கப் பகடைகளின் எதிரே வந்துதான் அதைத் தடுக்க வேண்டும்.

கேள்வி: மூன்று விக்டரிகளை மட்டும் கொண்டு 400 புள்ளிப் படை அமைக்கலாமா? (திருச்சி வாசகரே மீண்டும்)

பதில்: அமைக்கலாம். ஒன்றாம் வகை மூன்றுக்கு 219, விமானங்களுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சமான 134, ஆக 353. எஞ்சும் 47க்குள் தளபதியையும் ஓரிரு அட்டைகளையும் சேர்க்க வேண்டும்.

ஆனால் நான் அப்படி அமைக்க மாட்டேன். இரு தரப்பும் மாறி மாறி ஒவ்வொரு கப்பலாக நகர்த்தும் விளையாட்டு இது. உங்கள் மூன்று கப்பல்களும் நகர்ந்து முடிந்தபின் எதிரிக்கு இன்னும் இரண்டு மூன்று கப்பல்கள் மிச்சமிருந்தால், உங்கள் முகம் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டே அவர் தம் பெரிய கப்பலைக் கொண்டுவருவார். அடுத்த சுற்றில் முதலில் சுட்டுவிட்டு விலகிவிடுவார். பிற்கால விதிகளில் வந்த, நகர்த்தாமல் முறையைக் கடத்திவிட உதவும் 'பாஸ்' வில்லை இந்தக் குறையைத் தணித்ததே தவிரத் தீர்க்கவில்லை. விக்டரி இரண்டாம் வகை ஒன்றும் ஒன்றாம் வகை ஒன்றும் 158 புள்ளி. மூன்றாவது விக்டரிக்கு ஆகும் புள்ளிகளில் சிறிய, வேகமான கப்பல்களை வாங்கி, அவற்றை முதலில் நகர்த்திக் காலம் கடத்துங்கள். இரண்டாம் வகையை விண்நிலையத்தின் வாயிலில் நிறுத்துங்கள். ஒன்றாம் வகையை அதற்குச் சற்றுப் பின்னால், எதிரி சுற்றிவர வாய்ப்புள்ள பக்கத்தை நோக்கிச் சாய்த்து வையுங்கள். முன்னால் நிற்கும் கப்பலின் ஒற்றை ஷீல்டுப் பின்பக்கத்தைத் தேடி வருபவர், பின்னால் நிற்கும் கப்பலின் மூன்று கறுப்புப் பகடைகளுக்கு எட்டும் தூரத்தில்தான் வந்து நிற்பார்.